வெயிலே எட்டிப் பார்க்காத வீடா? எந்த செடி பிழைக்கும், எது சாகும்? முழு விவரம்

திருவொற்றியூர்:

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பல தெருக்களில் வீடுகள் ஒன்றோடு ஒன்று முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் ஒரு வாசல், ஒரு ஜன்னல். பக்கத்து வீட்டு சுவர் கை நீட்டினால் தொடும் தூரம். பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிந்தால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். குடியிருப்பு வாரிய அடுக்குமாடியில் கீழ்தளத்தில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

இப்படிப்பட்ட வீட்டிலும் ஒரு செடி வைக்கணும் என்று பெண்களுக்கு ஆசை. மீன்பாடி வண்டியில் பச்சைப்பசேல் என்று செடி வந்தால் பேரம் பேசி வாங்கி விடுகிறார்கள். பத்து நாள் நன்றாக இருக்கும். அப்புறம் இலை மஞ்சள் ஆகும். ஒரு மாதத்தில் தொட்டி மட்டும் மிச்சம். "என் கை ராசி இல்லாத கை" என்று அலுத்துக் கொள்வார்கள்.

கைக்கும் ராசிக்கும் சம்பந்தம் இல்லை. இடத்துக்குப் பொருந்தாத செடியை வாங்கியதுதான் காரணம். இருக்கிற வெளிச்சத்துக்குத் தகுந்த செடியை வாங்கினால் வெயிலே வராத அறையிலும் அது வருஷக்கணக்கில் நிற்கும்.

செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு

உரத்தைத்தான் செடியின் சாப்பாடு என்று நினைக்கிறோம். உண்மையில் வெளிச்சத்தை வைத்துத்தான் செடி தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறது. தண்ணீரும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் அரிசி, பருப்பு என்றால் வெளிச்சம்தான் அடுப்பு. அடுப்பு எரியாவிட்டால் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் பயன் இல்லை. அதனால்தான் இருட்டறையில் வாடும் செடிக்கு உரம் போட்டாலும் தேறுவதில்லை.

இருட்டில் வைத்த செடி உடனே செத்துவிடாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததை செலவு செய்து கொஞ்ச நாள் ஓட்டும். வேலை போனவர் சேமிப்பை எடுத்து சாப்பிடுவது மாதிரி. சேமிப்பு தீர்ந்ததும் கதை முடிந்தது.

அடர்ந்த காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் முளைக்கும் செடிகளுக்கு மேலிருந்து சொட்டு வெளிச்சம்தான் கிடைக்கும். அதை வைத்தே வாழ அவை பழகிவிட்டன. இலை அகலமாக இருக்கும். வளர்ச்சி மெதுவாக இருக்கும். வீட்டுக்குள் தாக்குப் பிடிப்பவை பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

உங்க வீட்டில் எவ்வளவு வெளிச்சம்?

செடி வாங்குவதற்கு முன்பு இதைப் பாருங்க. காசு செலவில்லாத சோதனை. பகல் 12 மணிக்கு கதவு, ஜன்னலைத் திறந்து விளக்கை அணைத்து விடுங்க. தொட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு வெள்ளை பேப்பரை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்க.

* கையின் நிழல் விரல் விரலாக தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம்.

* நிழல் கலங்கலாக, கை என்று மட்டும் தெரிந்தால் நடுத்தரம்.

* நிழலே சரியாகத் தெரியவில்லை, ஆனால் பேப்பர் படிக்க முடிகிறது என்றால் குறைந்த வெளிச்சம்.

* பேப்பரே படிக்க முடியவில்லை என்றால் அங்கே எந்த செடியும் தானாக வாழாது. விளக்கு வைத்தால்தான் உண்டு.

ஜன்னலை விட்டு தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும். நம் கண் இருட்டுக்கு பழகிக்கொள்வதால் அது நமக்கு தெரிவதில்லை. நான்கு அடி தள்ளி அலமாரி மேல் வாடுகிற செடியை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினாலே உயிர் வந்துவிடும்.

தாக்குப்பிடிக்கும் செடிகள்

1. ஸ்நேக் பிளான்ட்: கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் இலை. இதன் உறவுக்காரச் செடியைத்தான் நம் ஊரில் மருள் என்பார்கள். அந்த நாரைத் திரித்து வில்லுக்கு நாண் கட்டிய காலம் உண்டு. குறைந்த வெளிச்சத்திலும் நிற்கும். பக்கவாட்டில் படராது என்பதால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கூட வைக்கலாம். 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் போதும்.

2. இசட்-இசட் பிளான்ட்: மெழுகு பூசியது போல பளபள இலை. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. மண்ணுக்கு அடியில் உருளைக்கிழங்கு போல கிழங்கு வைத்து அதில் தண்ணீரை சேமிக்கும். ஊருக்குப் போய் 20 நாள் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். விலை கொஞ்சம் அதிகம். வளர்ச்சி ஆமை வேகம்.

3. மணி பிளான்ட்: இதை திருடி வைத்தால்தான் பணம் வரும் என்று சொல்வாங்க. திருடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு கணு உள்ள துண்டை ஒடித்து வந்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். முழுப்பச்சை இலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. மஞ்சள், வெள்ளை கலந்த ரகம் இருட்டில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும்.

4. சிங்கோனியம்: அம்பு முனை மாதிரி இலை. கொடியாக ஏறும். நடுத்தர வெளிச்சத்தில் நன்றாக வரும். இதையும் துண்டு ஒடித்து நடலாம்.

5. அக்லோனிமா: அகல இலையில் வெள்ளிக் கோடு போட்ட பச்சை ரகம் குறைந்த வெளிச்சம் தாங்கும். சிவப்பு, ரோஸ் நிற ரகங்களுக்கு கூடுதல் வெளிச்சம் வேண்டும். அழகாக இருக்கிறதே என்று சிவப்பை வாங்கி இருட்டில் வைத்து ஏமாறாதீங்க.

6. பீஸ் லில்லி: தண்ணீர் இல்லாவிட்டால் தொங்கிப் போகும். ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் வெள்ளைப் பூ வேண்டும் என்றால் ஜன்னல் ஓரம்தான் சரி. இருட்டில் வெறும் இலைதான்.

7. ஸ்பைடர் பிளான்ட்: புல் மாதிரி இலை, நடுவில் வெள்ளைக் கோடு. நடுத்தர வெளிச்சம் வேண்டும். குழந்தைகள், பூனை உள்ள வீட்டுக்கு இதுதான் பயமில்லாத செடி.

8. வெற்றிலை: இது பலருக்கு தெரியாது. கொடிக்காலில் அகத்தி மரங்களின் நிழலில்தான் வெற்றிலையை வளர்க்கிறார்கள். நேரடி வெயில் இல்லாமல் நல்ல வெளிச்சம் மட்டும் வரும் வாசல், வராண்டா, மாடிப்படி ஓரம் இருந்தால் போதும். சளி, இருமலுக்கு கை வைத்தியம் பார்க்க கடைக்கு ஓட வேண்டாம். தூசி விழும் பகுதி என்பதால் நன்றாகக் கழுவித்தான் பயன்படுத்தணும்.

வீட்டுக்குள் வைக்கக் கூடாதவை

துளசி, ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, சோற்றுக்கற்றாழை எல்லாம் வெயில் குடிக்கும் செடிகள். துளசியை பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பட்டுப்போனதும் வீட்டுக்கு ஆகாது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது சகுனம் இல்லை, வெயில் பற்றாக்குறை. மொட்டை மாடியில் வைத்தால் தழைத்து வரும். அரேகா பாம் என்ற பனை வகையையும் "ஹால் செடி" என்று விற்பார்கள். அதற்கும் நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் இலை நுனி காய்ந்து வீணாகும்.

கொல்வது அதிக தண்ணீர்

இருட்டறை செடிகள் தாகத்தில் சாவதை விட தண்ணீர் அதிகமாகி சாவதுதான் அதிகம். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். தினமும் ஊற்றினால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். இலை மஞ்சளாகி தொங்கும். அதைப் பார்த்து தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். முடிந்தது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்க. ஈரம் ஒட்டினால் அன்றைக்கு தண்ணீர் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இன்னும் குறைக்கணும். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் வாளி எதுவானாலும் நன்றாகக் கழுவி, ஓட்டை போட்டு பயன்படுத்தலாம். ஆனால் ஆலைகளில் ரசாயனம் வந்த கேன், டிரம் வேண்டாம்.

உப்பும் தூசியும்

நம்ம ஏரியாவுக்கே உள்ள பிரச்சினை இவை இரண்டும்.

கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதை தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். மெட்ரோ வாட்டர் அல்லது அரிசி களைந்த தண்ணீர் நல்லது. மழை பெய்யும்போது தொட்டியை வெளியில் வைத்தால் உப்பு கழுவிக்கொண்டு போகும். கடற்கரை மணலை அள்ளி வந்து தொட்டியில் போடவே கூடாது. அதில் உப்பு இருக்கும். செம்மண், ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்தால் போதும்.

அடுத்தது கரி. சென்னை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியபோது ராயபுரம் மக்கள் பட்ட பாடு கொஞ்சமா? காய வைத்த துணியிலும் கருப்பு, மூக்கை சிந்தினாலும் கருப்பு. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய், 2011-ல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்த வேலை எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலைய சாம்பலும் கரித்தூளும் இன்றைக்கும் பிரச்சினைதான்.

இலை மேல் தூசி படிந்தால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் உள்ளே போகாது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலையின் மேலும் கீழும் துடைத்து விடுங்க. அகல இலைச் செடிகள் இதற்கு வசதி.

லண்டனிலும் இதே கதை

நிலக்கரி புகையில் செடி சாவது நம்ம ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 200 வருஷத்துக்கு முன் லண்டன் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் நதானியேல் வார்டு என்ற டாக்டர் இருந்தார். பெரணிச் செடி என்றால் உயிர். ஆனால் கரிப்புகையில் ஒன்று கூட பிழைக்கவில்லை. 1829-ல் ஒரு பூச்சிக்கூட்டை ஈர மண்ணோடு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி வைத்தார். சில நாளில் அந்த மண்ணில் பெரணி முளைத்தது. ஜாடிக்குள் புகை போகவில்லை. ஆவியான தண்ணீர் மறுபடி மண்ணிலேயே சொட்டியது.

அதே முறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, 1833-ல் கப்பலில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக்கு செடிகளை அனுப்பினார். உயிரோடு போய் சேர்ந்தன. பிறகு சீனாவில் இருந்து தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இந்த மாதிரி பெட்டிகளில்தான். பிஸ்கட் கடை கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தால் நீங்களும் பெரணி வளர்த்துப் பார்க்கலாம். வெயிலில் மட்டும் வைக்காதீங்க. நம்ம ஊர் சூட்டுக்கு ஜாடிக்குள் வெந்துவிடும்.

காற்றை சுத்தம் செய்யுமா?

இதுதான் முக்கியமான விஷயம். "இந்த செடி வீட்டுக் காற்றை சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றி விற்பது இப்போது சகஜம். ஆலைப் புகைக்கு நடுவில் குடியிருப்பவர்கள், வீசிங் உள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதை நம்பி வாங்குகிறார்கள்.

நாசா ஆராய்ச்சி நடந்தது உண்மை. 1989-ல் வெளியானது. ஆனால் காற்றே புகாதபடி மூடிய சின்ன பெட்டிக்குள் செடியை வைத்து செய்த சோதனை அது. வீடு அப்படி இல்லை. கதவு இடுக்கிலும் ஜன்னலிலும் காற்று போய் வந்துகொண்டே இருக்கும்.

2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்து கணக்குப் போட்டார்கள். சாதாரணமாக வீட்டுக்குள் வந்து போகும் காற்று செய்கிற வேலையை செடி செய்ய வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று தெரிந்தது. 10-க்கு 10 அடி அறையில் குறைந்தது 90 தொட்டி! அப்புறம் ஆள் எங்கே படுப்பது?

கரித்தூள், சாம்பல், லாரிப் புகை எதையும் ஒரு தொட்டிச் செடி தடுக்காது. 2023 டிசம்பர் 26-ந்தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் உர ஆலைக்கான கடலடி குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு மக்கள் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு வாடை வரும் திசைக்கு குறுக்காக விலகிப் போவதுதான் வழி. வீட்டில் செடி இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

இரவு ஆக்சிஜன், இரவு விஷம்: இரண்டும் தப்பு

ஸ்நேக் பிளான்ட் ராத்திரியில் ஆக்சிஜன் விடும் என்று ஒரு பேச்சு. அந்த செடி இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அது பகலில்தான்.

இன்னொரு பக்கம், படுக்கும் அறையில் செடி வைத்தால் விஷக்காற்று விடும் என்று பயமுறுத்துவாங்க. பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனுஷன் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் செடி விடுவது ஒன்றுமே இல்லை. தாராளமாக வைக்கலாம். ஆனால் சின்ன அறையில் பத்து பதினைந்து ஈரத் தொட்டிகளை அடுக்காதீங்க. மண்ணிலும் சுவரிலும் பூஞ்சை பிடித்தால் வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது.

குழந்தை கடித்தால்?

மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, இசட்-இசட் எல்லாவற்றின் சாறும் நமைச்சல் எடுக்கும். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, அதே சமாச்சாரம்தான். இலைக்குள் ஊசி மாதிரி நுண்ணிய துகள்கள் இருக்கும். பெரிய இலையில் வெள்ளைப் புள்ளி போட்ட டம்ப் கேன் என்ற செடி இதில் மோசம். கடித்தால் நாக்கு வீங்கி பேச்சே வராது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் மாட்டுங்க. கடித்துவிட்டால் வாயைக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் கொடுங்க. வீக்கமோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் தாமதிக்காமல் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு போய்விடணும்.

பாட்டில் தண்ணீரில் டெங்கு கொசு

மணி பிளான்டை பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பது அழகுதான். ஆனால் டெங்கு கொசுவுக்கு அதுவே பிரசவ ஆஸ்பத்திரி. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் 4 நாளுக்கு ஒரு முறை பழைய தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தை தேய்த்துக் கழுவி புதிதாக ஊற்றணும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. முடியாதவர்கள் மண்ணிலேயே நட்டுவிடுங்க.

வெளிச்சத்தைக் கூட்ட வழி

* 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை செடிக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு தினமும் 12 மணி நேரம் எரியவிட்டால் இருட்டு மூலையிலும் செடி வளரும். 2 மாதத்துக்கு சுமார் 6½ யூனிட்தான் ஆகும்.

* இரண்டு செடி வாங்கி ஒன்றை வாசலிலும் ஒன்றை உள்ளேயும் வைத்து, 15 நாளுக்கு ஒரு முறை மாற்றுங்க. வெளியே வைக்கும்போது நிழலில்தான் வைக்கணும். உள்ளே இருந்த செடியை நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.

* ஜன்னலுக்கு எதிர் சுவருக்கு வெள்ளை அடியுங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பும்.

* ஓட்டு வீடு என்றால் நான்கு ஓட்டை எடுத்துவிட்டு கண்ணாடி ஓடு போடலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் உடைத்து, அறுத்து தூசி கிளப்ப வேண்டாம். விவரம் தெரிந்த ஆளை வைத்து ஒரு ஷீட்டை மட்டும் வெளிச்சம் புகும் ஷீட்டாக மாற்றலாம்.

கடைசி இரண்டு வழிகளும் செடிக்கு மட்டும் இல்லை. வெளிச்சமும் காற்றும் இல்லாத அறை அதில் படுக்கும் மனுஷனுக்கும் நல்லதில்லை. டி.பி. கிருமி அடைத்துக் கிடக்கும் அறையில்தான் சுலபமாகப் பரவும். அடுப்புப் புகையும் வெளியே போகணும். தூசிக்கு பயந்து நாள் முழுக்க ஜன்னலை சாத்தி வைப்பதை விட, காற்று எந்த நேரத்தில் கரியைக் கொண்டு வருகிறது என்று பார்த்து அப்போது மட்டும் மூடுங்க. மற்ற நேரம் திறந்து விடுங்க. துடைப்பத்தால் பெருக்கி தூசி கிளப்புவதை விட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வாங்கும் முன் 5 கேள்வி

1. வைக்கும் இடத்தில் பகல் 12 மணிக்கு கை நிழல் விழுகிறதா?

2. இது எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கும்?

3. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா?

4. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா?

5. பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு துண்டு இலவசமாக கிடைக்குமா?

முதல் தடவை வளர்ப்பவர்கள் ஒரு ஸ்நேக் பிளான்ட், ஒரு மணி பிளான்ட் துண்டோடு ஆரம்பிக்கலாம். மூன்று மாதம் கழித்து புது இலை விட்டிருந்தால் அந்த இடம் செடிக்கு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அடுத்த செடிக்கு காசு செலவு பண்ணலாம்.